ஆவுடையப்பன் போட்ட துண்டு

என் கணவர் ஆவுடையப்பன், மத்தியதரைக் கடலோரத்து நகரம் ஒன்றில், கடலைப் பார்த்த நாற்காலியில் துண்டு போட்டு எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தார். இருபது வருடத்துக்கும் மேலாக அதில் யாரும் உட்காரவில்லை. போன தை மாதம் அந்த ஊரிலிருந்து போன் செய்து, வந்து உட்கார்ந்துவிட்டுப் போகச் சொன்னார்கள்.

ஊரின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் நீங்கள் ஆகஸ்டில் குடும்பத்தோடு போய் நிற்பீர்கள். ஆகஸ்டில் அங்கே கால் வைக்க இடமில்லை என்றுதான் அவர் துண்டே போட்டார்.

அவர் சரக்குக் கப்பலில் இன்ஜின் அறையில் வேலை பார்த்தவர். ஒரு தடவை கப்பல் பழுதாகி அந்தத் துறைமுகத்தில் நின்றுவிட்டது. ரிப்பேர் முடியும்வரை ஆட்களை ஊருக்குள் விட்டிருக்கிறார்கள். கூட இருந்தவர்கள் எல்லாம் கடை கடையாகச் சுற்ற, இவர் தினமும் கடற்கரை ரோட்டில் ஒரு காபிக்கடையில் போய் உட்கார்ந்திருக்கிறார். கடைசி நாளன்று ஒரு நாற்காலியைப் பார்த்திருக்கிறார். எதிரே கடல், பக்கத்தில் பந்தல் நிழல். திருச்செந்தூர் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டை எறிந்து எனக்கு இடம் பிடித்துப் பழகிய கை சும்மா இருக்குமா. தோளில் கிடந்த சிவப்புக் கரை ஈரிழைத் துண்டை எடுத்து விரித்தார். வெயிட்டரிடம் இரண்டு எலுமிச்சை ஜூஸ் சொன்னார். அதற்குள் கப்பலிலிருந்து ஆள் வந்து கூப்பிட, போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் என்னிடம் சொன்னார். "இடம் போட்டாச்சு. நீ வந்து உக்காந்தா போதும்." நான் தையல் மெஷினை நிறுத்தாமல் சரி என்றேன்.

ஒவ்வொரு வருடமும் ஏதாவது ஒன்று குறுக்கே வந்தது. மகள் சுபாஷினியின் காலேஜ், பிறகு அவள் கல்யாணம், மாடிக்குத் தளம் போட்டது, என் முழங்கால். ஒவ்வொரு வருடமும் குளிர்காலத்தில் அவருக்கு ஒரு போன் வரும். மொட்டை மாடிக்குப் போய்ப் பேசுவார். "அடுத்த வருசம் கண்டிப்பா வந்துருவோம்" என்பது மட்டும் எனக்குக் கேட்கும். இன்சூரன்ஸ் ஏஜெண்ட்டைத்தான் இப்படி இழுத்தடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன புரட்டாசியில் அவர் இறந்துபோனார். அதனால் தை மாதத்துப் போன் என்னிடம் வந்தது.

"எங்க வீட்டுக்காரி இருக்காளா?" என்றது ஒரு பெண்குரல்.

யாருடைய வீட்டுக்காரி என்று கேட்டேன்.

"எங்க வீட்டுக்காரி. கோவக்காரி. பிளவுஸ் தைப்பா."

நான்தான் என்றேன்.

"ஆவுடையப்பன் இருக்காகளா?"

"இல்ல."

"கடைக்குப் போயிருக்காகளா?"

"ஆமா" என்றேன். அந்த நேரத்தில் வேறு பதில் வாயில் வரவில்லை.

அந்தப் பெண்ணின் பெயர் ரெனாட்டா. நாற்காலி இருக்கிற காபிக்கடை அவளுடையது. என் கணவர் இடம் பிடித்த அன்றைய மத்தியானம் இன்னும் முடியாமல் அந்த நாற்காலியிலேயே நிற்கிறதாம். வெயிட்டரும் அதற்குள்ளேயே நிற்கிறானாம். நான் வந்து உட்கார்ந்து ஜூஸைக் குடித்துவிட்டால் அந்தக் கோடை முடிந்துவிடும், அவனும் வெளியே வந்துவிடுவான் என்றாள். "பைய வாங்க. ஆனா வாங்க" என்று சொல்லி வைத்தாள்.

அவசரமில்லாமல் மெதுவாக வா என்பதற்கு எங்கள் பக்கத்தில்தான் 'பைய' என்போம். போனை வைத்த பிறகும் அந்தச் சொல் காதிலேயே இருந்தது. நான் படி இறங்கும்போதெல்லாம் என் கணவர் அதைத்தான் சொல்வார்.

சுபாஷினி டிக்கெட் போட்டுத் தந்தாள். "ஆஃப் சீசன்மா, பிளேன்ல கூட்டமே இருக்காது. மங்கி குல்லாவ மறந்துராத" என்றாள். துண்டு போட்டு வைத்த இடத்துக்குப் போகாமல் இருப்பது மரியாதை இல்லை என்பது அவளுக்கும் தெரியும்.

நான் போய் இறங்கியபோது ஊர் கடையடைப்பு நடந்த ஊர் போல இருந்தது. கடற்கரை ரோட்டில் வரிசையாக ஓட்டல்கள், எல்லாவற்றுக்கும் ஷட்டர். ஐஸ்கிரீம் கடைக்குள் நாற்காலிகளை மேஜை மேல் கவிழ்த்து வைத்திருந்தார்கள். குழந்தைகள் சுற்றும் குதிரை ராட்டினத்துக்குத் தார்ப்பாய் போட்டுக் கட்டியிருந்தார்கள். ஒரு குதிரையின் மூக்கு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நனைந்தது. தெருவோரத்து ஆரஞ்சு மரங்களில் பழுத்துக் கிடந்த பழத்தைப் பறிக்க ஆளில்லை. காற்று கடல் மணலை அள்ளிவந்து ரோட்டில் போட்டது. ஒரு கிழவர் அதைக் கூட்டிக் கடலிலேயே போட்டார். அது திரும்ப வந்தது.

விடுதியில் நான் ஒருத்திதான். காலையில் கீழே இறங்கியதும் விடுதிக்காரர் கையைக் குவித்து, "அவ இல்லாம ஒண்ணும் ஓடல" என்றார்.

ரொட்டிக்கடைக்குப் போனேன். ரொட்டிக்கடைக்காரி நிமிர்ந்து பார்த்து, "அவ இல்லாம ஒண்ணும் ஓடல" என்றாள். சூடான ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்து, "எங்க வீட்டுக்காரி உப்பு கூடப் போட்டுருவா" என்றும் சொன்னாள். மணல் கூட்டுகிற கிழவர் துடைப்பத்தை நிறுத்திவிட்டு அதே முதல் வாக்கியத்தைச் சொல்லித் தொப்பியைத் தூக்கினார்.

ரெனாட்டாதான் விவரம் சொன்னாள். கோடையில் வருகிறவர்கள் ஊருக்குத் திரும்பும்போது தங்கள் பாஷையில் கொஞ்சத்தை அங்கே மறந்துவிட்டுப் போகிறார்கள். யார் கோடை முடிகிறதோ அவர் பாஷையும் அதோடு போய்விடும். மற்றவர்களின் கோடைகள் எல்லாம் அந்தந்த வருடமே முடிந்துவிட்டன. முடியாமல் நிற்பது ஆவுடையப்பனின் கோடை மட்டும். ஆகவே வெளியூர்க்காரர்களோடு பேச அந்த ஊரில் மிச்சம் இருப்பது தமிழ்தான். அதுவும் அவர் அங்கே பேசிவிட்டுப் போன தமிழ். அவர் பேசாத சொல் ஒன்றுகூட அவர்களிடம் கிடையாது. இத்தனையையும் அவர் சொற்களை வைத்தே அவள் சொல்லி முடித்ததால், அவர் அங்கே எவ்வளவு பேசியிருக்கிறார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

"அவ இல்லாம ஒண்ணும் ஓடலன்னா வணக்கம்தான?" என்று ரெனாட்டா கேட்டாள். "தெனம் காலைல கடைக்குள்ள வரும்போதே அதத்தான் சொல்லுவாக."

வணக்கம்தான் என்றேன். அழுகை வந்தது, ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டேன். முப்பது வருடத்துக்கு மேல் குடித்தனம் நடத்தியவள் நான். என்னிடம் ஒரு நாளும் அவர் இதைச் சொன்னதில்லை. முன்பின் தெரியாத ஒரு ஊருக்கே தினமும் சொல்லியிருக்கிறார்.

ரெனாட்டாவுக்கு ஐம்பது வயது இருக்கும். தலையில் பாதி நரை. ஆண்கள் போடுகிற கனமான கோட்டுப் போட்டிருந்தாள். என்னை நாற்காலியைப் பார்க்கக் கூட்டிப்போனாள்.

கடற்கரை ரோடு முழுக்க மழை. காபிக்கடையின் முன்னால் ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு மட்டும் ஆகஸ்ட் மாதத்து வெயில் விழுந்துகிடந்தது. அதற்குள் ஒரு மேஜை, ஒரு நாற்காலி, நாற்காலியில் துண்டு. கரைச் சிவப்பு கொஞ்சமும் வெளுக்கவில்லை. அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் வெயிலின் ஓரத்தில் கொடி கட்டித் துணி காயப்போட்டிருந்தார்கள். இரண்டு நாய்கள் முகத்தை ஆகஸ்டிலும் உடம்பை ஜனவரியிலும் வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தன.

மேஜைக்கு அந்தப் பக்கம் அரைக்கைச் சட்டையோடு ஒரு இளைஞன் தட்டை ஏந்தி நின்றான். தட்டில் இரண்டு எலுமிச்சை ஜூஸ். ஐஸ் கரையவில்லை. அவன் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான், வாடிக்கையாளர் வருகிறாரா என்று.

"இவன் எத்தோரே" என்றாள் ரெனாட்டா. "எங்க வீட்டுக்காரி."

வீட்டுக்காரர் என்பதற்கு அவளிடம் சொல் இல்லை. என் கணவருக்கு அந்தச் சொல் எதற்குத் தேவைப்பட்டிருக்கும்? நான் புரிந்துகொண்டேன்.

கல்யாணம் ஆன அந்தக் கோடையில்தான் எத்தோரே அந்தத் தட்டைத் தூக்கியிருக்கிறான். அவனைப் பொறுத்தவரை ஜூஸ் சொன்னவர் இப்போதுதான் எழுந்து போனார். ரெனாட்டா ஒரு கிண்ணத்தில் சூப்பை நீட்டினாள். அவன் அவளைத் திரும்பிப் பார்க்காமலே தலையை ஆட்டி அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னான். அந்தப் பாஷை எனக்குத் தெரியாது. ஆனால் அவன் சொன்னது 'இதோ வந்துட்டேன்' என்பது தெரிந்தது. எல்லா வீட்டு ஆண்களும் இதை ஒரே ராகத்தில்தான் சொல்கிறார்கள்.

ரெனாட்டா சூப்பை வெயிலின் ஓரத்தில் வைத்தாள். அவன் குடிக்கவில்லை. இப்போதுதானே மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டிருக்கிறான். கொஞ்ச நேரம் கழித்து அவளே எடுத்துக் குடித்தாள்.

"உக்காருங்க" என்றாள் என்னிடம்.

நாளைக்கு என்றேன்.

அவள் காலிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கடைக்குள் போனாள். என் கணவரிடம் வருடக்கணக்காக அடுத்த வருடம், அடுத்த வருடம் என்று கேட்டுப் பழகியவளுக்கு நாளைக்கு என்பது பெரிய காரியம் இல்லை.

மறுநாளும் நாளைக்கு என்றேன். அதற்கடுத்த நாளும் அப்படித்தான். ஏன் என்று சொல்கிறேன். அவர் எனக்காகச் செய்து வைத்ததில் இன்னும் முடியாமல் இருந்தது இந்த ஒன்றுதான். அவர் வாங்கிவைத்த அரிசி கார்த்திகையிலேயே தீர்ந்துபோனது. அவர் சட்டைகளை மருமகன் போட்டுத் தேய்த்துவிட்டான். வீட்டில் அவர் குரல் எங்கேயும் இல்லை. இங்கே ஒரு நாற்காலி எனக்காகக் காத்திருக்கிறது, ஒரு ஊர் அவர் வாயால் பேசுகிறது. நான் உட்கார்ந்தால் இரண்டும் போய்விடும். ரொட்டிக்கடைக்காரி என்னைப் பார்த்து வேறு என்னத்தையோ சொல்வாள். எனக்கு அது வேண்டாம் என்றிருந்தது.

அதனால் நான் ஊரைச் சுற்றினேன். ஆளில்லாத நகரத்தில் சுற்றுவது எனக்குப் பிடித்துவிட்டது. மழை நின்ற நேரங்களில் கடல் சுவர் மேல் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துத் தின்றேன், ஒரே புளிப்பு. எதிரே யாராவது வந்தால் பேச்சுக் கொடுப்பேன். அவரிடமிருந்து இன்னும் ஏதாவது வருமா என்றுதான்.

வந்தது. மீன் விற்கிறவர், "அவளுக்கு வெயிலு ஆகாது, நெழல்லதான் போடணும்" என்று சொல்லி மீனை எடுத்து நிழலில் வைத்தார். மருந்துக்கடைக்காரர் முழங்காலுக்குத் தைலம் கொடுத்துவிட்டு, "அவ சிரிச்சான்னா கன்னம் ரெண்டும் உப்பிக்கிடும், பாக்கணும் நீ" என்றார். ஒரு நாளைக்கு எத்தனை தடவை தேய்க்கவேண்டும் என்று நான் கேட்டதற்கு அதுதான் பதில். மாதா கோயில் மணி அடிக்கிறவர் படியில் என்னைப் பார்த்து, "இங்கன ஒரு வீடு எடுத்து அவளயும் கூட்டிட்டு வந்துட்டா போதும்டே" என்றார். நான் அந்தப் படியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஒரு நாள் சாயங்காலம் ரெனாட்டாவோடு கடைக்குள் இருந்தபோது, அவரைப் பற்றிச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. கடைக்குப் போயிருக்கிறார் என்று எத்தனை நாளைக்குத்தான் சொல்வது.

"அவரு செத்துப்போயிட்டாரு" என்றேன்.

ரெனாட்டா அடுத்த வார்த்தைக்காகக் காத்திருந்தாள். பிறகு, "அது எங்ககிட்ட இல்லியே" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. வீட்டில் காபி ஆறிப்போனால்கூடச் 'செத்தேன்' என்கிற மனிதர். வெயில் அடித்தால் 'செத்தேன்', கரண்ட் போனால் 'செத்தேன்'. அங்கே இருந்த நாட்களில் ஒரு தடவைகூட அதைச் சொல்லவில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கிறார். என்னை விட்டுவிட்டு.

"அப்பிடின்னா என்ன?" என்று ரெனாட்டா கேட்டாள்.

"வர நேரமாகும்னு அர்த்தம்" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். எழுந்து சூப்பை ஊற்றினாள். மழை அன்று பலமாக இருந்தது. கோட்டின் மேல் பட்டனைப் போடக் குளிரில் அவள் விரல் வளையவில்லை; நான் போட்டுவிட்டேன். தையல்காரிதானே நான், அந்தக் கோட்டு அவளுக்குத் தைத்தது இல்லை என்பதும், தோள் அளவு எத்தோரேயுடையது என்பதும் முதல் நாளே பார்த்துவிட்டேன். கல்யாணத்துக்கு எடுத்திருப்பான் போலிருக்கிறது.

நான் வாசலில் நின்று பார்த்தேன். அவள் மழையில் போய் வெயிலின் ஓரத்தில் நின்று கிண்ணத்தை நீட்டினாள். எத்தோரே ரோட்டைப் பார்த்தபடி 'இதோ வந்துட்டேன்' என்றான். இந்தத் தடவை தற்செயலாகத் திரும்பியவன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, யாரோ வயதான அம்மா என்று நினைத்து மரியாதையாக ஒதுங்கி நின்றான். அவள் சூப்பைக் கீழே வைக்காமல் அப்படியே திரும்பி வந்தாள். பாதி மழைத்தண்ணீர்.

"உக்காருங்க" என்று அவள் கேட்கவில்லை. கிண்ணத்தை மேஜையில் வைத்தாள். என் கணவரின் சொற்களுக்குள் தேடினாள். தேடுவது எனக்குத் தெரிந்தது. பிறகு ஒரே ஒரு சொல்லை மாற்றி வைத்துச் சொன்னாள்.

"அவன் இல்லாம ஒண்ணும் ஓடல."

நான் மங்கி குல்லாவைக் கழற்றி அவளிடம் கொடுத்துவிட்டு வெயிலுக்குள் போனேன்.

உள்ளே சுட்டது. முழங்கால் வலி சட்டென்று நின்றது. எங்கோ பக்கத்தில் நிறையப் பேர் குளிக்கிற சத்தம் கேட்டது. ஆள் யாரையும் காணோம். துண்டை எடுத்தேன். தேங்காயெண்ணெயும் இன்ஜின் ஆயிலும் கலந்த வாசனை. முகத்தை அதில் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். எத்தோரே வேறு பக்கம் பார்த்தான். பிறகு துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

நல்ல இடம்தான். வெயில் கண்ணில் படவில்லை. நிழல் சரியாக என் தோளில் வந்து விழுந்தது. கடல் முழுக்கத் தெரிந்தது. பஸ்ஸிலும் அவர் பிடிக்கிற இடம் இப்படித்தான், டயருக்கு மேலே இருக்காது, ஜன்னல் திறக்கும்.

எத்தோரே இரண்டு கிளாஸையும் மேஜையில் வைத்தான். எனக்கு எதிரே இருந்த கிளாஸைப் பார்த்து, "அவக எங்க?" என்று கேட்டான். அவனுக்கும் தமிழ் வந்தது. இன்னும் ஆறாத தமிழ். அவர் சற்றுமுன் பேசியது அல்லவா.

"வருவாக" என்றேன்.

ஜூஸில் உப்புப் போட்டிருந்தது. நான் போடுவதுபோலவே கூடப் போட்டிருந்தது. நான் பையக் குடித்தேன். எவ்வளவு பையக் குடிக்க முடியுமோ அவ்வளவு. இரண்டாவது கிளாஸையும் குடித்தேன், ஐஸ் கரைந்துவிடக் கூடாது என்பதால். வெயில் மேஜையிலிருந்து என் மடிக்கு இறங்கியது, மடியிலிருந்து காலுக்கு. இத்தனை வருடம் அசையாமல் நின்ற மத்தியானம் ஒரு அவசரமும் இல்லாமல் சாயங்காலம் ஆனது. அவர் இங்கே இருந்தால் ஏதாவது பேசிக்கொண்டே இருந்திருப்பார். எனக்கு அவர் பேச்சு வேண்டும்போல் இருந்தது.

காலி கிளாஸ்களை எடுத்துக்கொண்டு எத்தோரே கிளம்பினான். வெயிலைத் தாண்டி மழைக்குள் கால் வைத்ததும் அவன் தலை நரைத்தது. இன்னொரு அடியில் தொப்பை வந்தது. கடை வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவன் ரெனாட்டாவுக்குச் சரியான வயதில் இருந்தான். அவள் கோட்டைக் கழற்றி அவனுக்குப் போட்டுவிட்டாள். அவன் அவளிடம் ஏதோ சொன்னான். அவள் அவன் மார்பில் ஒரு அடி போட்டாள்.

வெயில் அணைந்தது. அக்கம்பக்கத்தார் வந்து கொடியிலிருந்த துணிகளை அவிழ்த்துப் போனார்கள். நாய்கள் எழுந்து உதறிக்கொண்டன. ரெனாட்டா என் மங்கி குல்லாவைக் கொண்டுவந்து என் தலையில் மாட்டி, காதை இழுத்து மூடிவிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு நிறையப் பேசினாள். ஒரு சொல்கூடப் புரியவில்லை. மணல் கூட்டுகிற கிழவர் கடந்துபோனார். தொப்பியைத் தூக்கி என்னவோ ஒன்றைச் சொன்னார். வணக்கம் என்றுதான் இருக்கும். நானும் கையைக் குவித்தேன். அவர் போய் மறைகிறவரை, திரும்பி அந்தப் பழைய வாக்கியத்தைச் சொல்வாரோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் எழுந்திருக்கவில்லை. சீசன் முடிந்தால் நாற்காலிகளை அடுக்கிவிடுவார்கள் என்று நினைத்தேன். ரெனாட்டாவும் எத்தோரேயுமோ உள்ளே இருந்து இன்னும் நாற்காலிகளைக் கொண்டுவந்து, ரோடு முழுக்க வரிசை வரிசையாகப் போட்டார்கள். எனக்குப் பக்கத்திலும் ஒன்று வந்தது. நான் மடியிலிருந்த துண்டை விரித்து அதில் போட்டேன்.

மழை விட்டதும் கடல் கரைப்படியில் ஏறி வந்தது; நாற்காலிகள் அதற்குத்தான் போலிருக்கிறது. மேல்படியில் கிடந்த மிதியடியில் காலைத் துடைத்துக்கொண்டு, வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்து என் பக்கத்தில் நின்றது.

"இங்க ஆள் இருக்கா?" என்று தமிழில் கேட்டது. திருச்செந்தூருக்கும் வந்துபோகிற கடல்தானே.

"ஆள் வருது" என்றேன்.

கடல் சரியென்று சொல்லிப் பின் வரிசைக்குப் போய் உட்கார்ந்தது.